எல்லாவற்றுக்கும் ஓம்

நான் அந்தச் சீன வீட்டுக்கு முதன்முதலில் போனது, வேலைக்கு ஆள் வராது என்று சொல்லிவிட்டு வருவதற்காக.

அனுப்பியது அக்கா. லிபெர்த்தாத் தெருப் பக்கம் ஒரு டாக்டர் வீட்டில் வேலை செய்பவ. இத்தாலியில் இந்தப் பலெர்மோ நகரில் எந்த வீட்டுக்கு என்ன ஆள் தேவை என்பது அவவுக்கு விரல்நுனியில் இருக்கும். ஒரேத்தோத் தெருவில் வீட்டுச் சாமான் கடை நடத்தும் சீன அம்மா, இங்கத்தைப் பேச்சில் சிஞ்ஞோரா, ஒருவர் தன் ஏழு வயது மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறா என்று அறிந்து, எங்கட தமிழ்ச் சனத்தில் ஒரு பெட்டையை ஒழுங்குபண்ணி வைத்திருந்தா. இந்த வேலைக்கு ‘ஓ பேர்’ என்று பெயர். குடும்பத்தில் ஒருத்தி மாதிரி வீட்டோடு தங்கி, பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்க் கூட்டிவந்து, சாப்பாடும் படுக்கையும் கைச்செலவும் பெற்றுக்கொள்வது. பத்தொன்பது இருபது வயதுப் பெட்டைகள் செய்கிற வேலை. எங்கட பெட்டைக்குப் பிரான்ஸில் திடீரென்று கலியாணம் பொருந்திவிட்டது.

“டேய், நீ சும்மாதானே கிடக்கிறாய். போய் அந்த மனிசிக்கு விசயத்தைச் சொல்லிப்போட்டு வா” என்றா அக்கா.

சும்மாதான் கிடந்தேன். சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரின் தோடம்பழம் பிடுங்கப் போய், பழத்துக்கு முன்னம் என் இடுப்பு நாரி பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க முடியாது; இந்த நாட்டில் இருக்கும் அனுமதியே அதுதான். கவலையில் படுத்திருந்தேன். படுத்திருந்ததில் நாரிக்கும் கொஞ்சம் சுகம்.

கடையில் சின்னதாக ஒரு மனிசி நின்றா. கழுத்தில் கடைப் பூட்டுகளின் திறப்புக்கோர்வை, மூக்கில் கண்ணாடி. கண்ணாடியின் ஒரு மூலையில் கடை ஸ்டிக்கர் உரிக்காமல் அப்படியே இருந்தது. அதைச் சுற்றித்தான் என்னைப் பார்த்தா.

“அந்தப் பிள்ளை வராது, சிஞ்ஞோரா.”

“ஸீ, ஸீ.”

“அவளுக்குக் கலியாணம்.”

“ஸீ.”

“வேறை ஒருத்தரும் இல்லை. சும்மா இருக்கிறது நான் ஒருத்தன்தான்.”

கடைசி வசனம் பகிடிக்குச் சொன்னது. “ஸீ, ஸீ” என்று சொல்லி, தட்டில் இருந்து பொலித்தீன் உறை கழற்றாத தலையணை ஒன்றை எடுத்து என் கையில் தந்தா. அன்றிரவு நான், நாற்பத்துமூன்று வயது, மொட்டைத்தலை, மீசை, ரோஸ் நிற முயல்கள் ஓடும் படுக்கைவிரிப்பில், பிளாஸ்டிக் வாளிப் பெட்டிகளுக்கு நடுவே, கணுக்கால் இரண்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கப் படுத்திருந்தேன். மாட்டன் என்று அவவுக்குச் சொல்ல வரவில்லை. எனக்கும் வரவில்லை.

ஸீ என்றால் இத்தாலியனில் ஆம், எங்கட பேச்சில் ஓம். எங்கட ஆட்களுக்கு வந்த புதிதில் ஊரே ஒன்றுகூடித் தங்களைச் சீ சீ என்கிறமாதிரி இருக்கும். பிறகு பழகிவிடும். சிஞ்ஞோராவின் ஸீ மட்டும் எனக்குக் கடைசிவரை பழகவில்லை. கேள்வி முடிய முதலே வந்துவிடும். தலையைக் கொஞ்சம் குனிந்து, சிரிப்பு ஒன்றைப் போட்டு, கேட்டவன் வெட்கப்படக் கூடாது என்று அவசரப்பட்டுச் சொல்வதுபோலச் சொல்லுவா. சீனாக்காரர் எல்லாம் இப்படி என்று நினைத்துவிடாதேங்கோ. அவவின் சொந்தக் கொழுந்தனே கடையில் வந்து நின்று, ஆருக்காவது ஒருக்கால் இல்லையெண்டு சொல்லுங்கோ அண்ணி என்று ஏசுவார். ஸீ என்பா. இவவின் பெயரை நான் இங்கே போடவில்லை. போடட்டோ என்று கேட்டால் என்ன சொல்லுவா என்று தெரியும், அதனால் கேட்கவும் இல்லை.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது இத்தாலியன். அவவுடையது கடை இத்தாலியன், என்னுடையது தோட்ட இத்தாலியன். அதை இங்கே எங்கட தமிழில் எழுதுகிறேன். இரண்டு பேரும் உள்ளதைவிடக் கெட்டிக்காரராகத் தெரிவோம், பரவாயில்லை.

அவவின் வீடு இருந்த கட்டிடத்து லிஃப்ட்டின் கதையைச் சொன்னால் ஆளை விளங்கும். லிஃப்ட் பழுது. நாலாம் மாடி ஓய்வுபெற்ற ஆசிரியை திருத்தவேணும் என்றா. தரைவீட்டு மீன்காரர், எனக்கேன் லிஃப்ட், நான் என்ன கீழேயோ போகப்போறன் என்றார். இரண்டு பேரும் தனித்தனியாகக் கடைக்கு வந்து சிஞ்ஞோராவின் ஆதரவைக் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் ஸீ. கூட்டம் படிக்கட்டில் நடந்தது. “நீங்கள் சார்போ, எதிரோ?” என்று கட்டிட நிர்வாகி கேட்டார். “ஸீ.” நிர்வாகி பேனையை மூடிவிட்டு யோசித்தார். அவர் யோசித்ததன் பலனாக இன்றைக்கும் அந்த லிஃப்ட் முதலாம் மாடியில் இருந்துதான் மேலே போகும். சனம் ஒரு மாடி நடந்து ஏறித்தான் லிஃப்ட் பிடிக்கவேணும். மீன்காரர் தான் வென்றதாகச் சொல்கிறார். ஆசிரியையும் அப்படித்தான். இரண்டு பேரும் கிறிஸ்மஸுக்குச் சிஞ்ஞோராவுக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அக்காவும் விடவில்லை. அக்காவின் சிநேகிதியின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியவீடு செய்ய மண்டபம் கிடைக்கவில்லை. கடைக்குப் பின்னால் இருக்கிற களஞ்சிய அறையைக் கேட்டா. ஸீ. சடங்கன்று காலை இன்னொரு சிக்கல். ஆலாத்தி எடுக்க இரண்டு பேர் வேணும். ஒரு மாமி கனடாவில். அக்கா சும்மா ஒரு கதைக்கு, “நீங்கள் நிப்பியளோ?” என்றா. நான் வாயைத் திறக்க முதல் ஸீ வந்துவிட்டது. பச்சைக் காஞ்சிபுரம் கட்டி, பொட்டு வைத்து, கண்ணாடி ஸ்டிக்கரோடு சிஞ்ஞோரா தட்டம் சுற்றினா. பின்னால் மொப் தடிகள் தோரணம்போல வரிசையாக நின்றன. கனடாவில் இருந்து வீடியோவில் பார்த்த சனம் கேட்டது, ஆர் உந்த வெள்ளை மாமி என்று.

“தூரத்துச் சொந்தம்” என்றா அக்கா.

“எவ்வளவு தூரம்?”

“சரியான தூரம்.”

இவ்வளவும் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாதது ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் இருந்தது.

ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் வினாகிரிப் போத்தலில் சாய்த்து ஒரு கைபேசியை வைப்பார்கள். அதற்குள் சிஞ்ஞோராவின் மாமனார், சீனாவில் வென்சோ என்ற ஊரில், தன் இராச்சாப்பாட்டோடு உட்கார்ந்திருப்பார். கைபேசிக்கு முன்னாலும் ஒரு கிண்ணம் சோறு வைத்தே ஆகவேணும், வைக்காவிட்டால் கோபிப்பார். சிஞ்ஞோராவின் புருசன் கத்தானியாவில் இன்னொரு கடை வைத்திருந்தார். ஞாயிறு மட்டும் வருவார், தகப்பனுக்கு வணக்கம் சொல்லுவார், சாப்பிட்டுவிட்டு நித்திரையாகிவிடுவார். பிறகு மாமனார் அந்த வாரக் கேள்வியைக் கேட்பார், மகள் சோஃபியா பின்னர் எனக்கு மொழிபெயர்த்தபடி: பேத்தியை எப்போது அனுப்புகிறாய்? பிள்ளை இங்கே சீன எழுத்து மறந்துபோகும். தன்னோடு இருந்து படிக்கட்டும், பதினைந்து வயதில் திருப்பி அனுப்புகிறேன். அங்கே கட்டில் கூட வாங்கிவிட்டாராம்.

சிஞ்ஞோரா சீனத்தில் ஓம் என்பா. நான் கற்ற முதல் சீனச் சொல் அதுதான். வேறு சொல் கற்க அந்த வீட்டில் வாய்ப்பும் குறைவு.

சோஃபியா அந்த நேரம் மேசைக்குக் கீழே இருப்பாள், கைபேசியின் கண்ணுக்குப் படாமல். நான் கிண்ணத்தைக் கீழே நீட்டுவேன், அவள் வெறும் கிண்ணத்தை மேலே நீட்டுவாள். ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வரும்போது கேட்டாள், “மாமா, சீனாவில என்னைச் சோஃபியா எண்டு கூப்பிடுவினமோ?”

“ஏன் கூப்பிடமாட்டினம்?”

“தாத்தா கூப்பிடுறேல்லை. வேறை பேர் சொல்லிறார். அந்தப் பேருக்கு நான் திரும்பிப் பாக்க மறந்துபோறன்.”

அவள் போனால் ஓ பேரும் போகவேணும், ஒப்பந்தமும் பெர்மெஸ்ஸோவும் பின்னால் போகும். ஆனபடியால் என் அக்கறை முழுக்கத் தூய்மையானது என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் சிஞ்ஞோராவுக்கு ‘இல்லை’ என்று சொல்லப் பழக்குவது என்று முடிவெடுத்தேன். கடை பூட்டிய பிறகு கல்லாவுக்கு முன்னால் வகுப்பு. சோஃபியா பரிசோதகர்.

“சிஞ்ஞோரா, இண்டைக்கு நீங்கள் இல்லையெண்டு சொல்லப் பழகப்போறியள்.”

“ஸீ.”

“உங்கட கடையை எனக்குத் தாறியளோ?”

“ஸீ.”

“உங்கட புருசனைத் தாறியளோ?”

கொஞ்சம் யோசித்தா. எனக்கு நம்பிக்கை வந்தது.

“ஸீ, ஸீ. ஞாயிற்றுக்கிழமை வருவார்.”

பிறகு என் பக்கம் திரும்பி, “அந்தப் பெட்டி எல்லாத்தையும் மடிச்சுக் கட்டிவைப்பியோ?” என்றா. ஓம் என்று சொல்லி, நாரியைப் பிடித்துக்கொண்டு போய் மடித்தேன். “ரெண்டு பேரும் ஃபெயில்” என்று சோஃபியா அறிவித்தாள்.

ஜூன் கடைசியில் மாமனாரே வந்து இறங்கினார். பிள்ளையை நேரில் கூட்டிப்போக. இரண்டு கிழமை நிற்பார், பிறகு இரண்டு பேருக்கும் விமான ரிக்கற். எழுபது தாண்டிய ஆள், நேர் முதுகு, மேல் பொத்தானும் பூட்டிய சட்டை. தன் தெருவில் வழக்குத் தீர்க்கிறவராம். சொன்ன சொல் ஒன்றையும் வாழ்நாளில் மாற்றாதவராம். அவருக்கு இத்தாலியன் ஒரு சொல்லும் தெரியாது. மொழிபெயர்ப்புக்கு மருமகள்.

இங்கேதான் விசயம் வேறு பாதையில் திரும்பியது.

வந்த மறுநாள் மூலைக் கடையில் கோப்பி குடிக்கப் போனோம். அங்கே மூன்று கிழவர்கள் சீட்டுக்கட்டோடு சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது ஆள் மகளோடு மிலானுக்குப் போய்விட்டாராம். ஒருத்தர் மாமனாரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிஞ்ஞோராவிடம் கேட்டார், “இவர் எங்களோடை விளையாட வருவாரோ?”

“ஸீ, ஸீ. ஒவ்வொரு நாளும்.”

பிறகு மாமனாரிடம் ஏதோ சொன்னா. அவர் முகம் மலர்ந்து, எழுந்து, மூன்று பேருக்கும் தலை குனிந்தார்.

“என்ன சொன்னவ?” என்று சோஃபியாவைக் கேட்டேன்.

“அவருடைய சட்டை வடிவாயிருக்காம் எண்டு அவை சொல்லினமாம்.”

அடுத்த நாள் பின்னேரம் மூன்று கிழவர்களும் வாசலில் நின்றார்கள். ஏன் என்று மாமனார் கேட்க, நேற்று நீங்கள் தலை குனிந்து சொல்லுக் கொடுத்தீர்களே என்றா மருமகள், வலு மரியாதையாக. சொல் மாற்றாத மனுசன் காலில் சப்பாத்தைப் போட்டார். விளையாட்டு விளங்க ஒரு கிழமை எடுத்தது. விளங்கிய பிறகு தோற்கத் தொடங்கினார். தோற்றுப்போட்டு எழுந்து போகிற ஆளும் இல்லை. தேவாலயத்துப் பங்குச் சுவாமியார் வந்து, ஜூலைத் திருவிழா ஊர்வலத்தில் கொடி பிடிக்க ஒரு நேரான ஆள் தேவை என்றார். ஸீ. மாமனாருக்குச் சொல்லப்பட்டது, சுவாமியார் உங்கள் உடம்புசுகம் விசாரிக்கிறார் என்பது. வேர்க்க விறுவிறுக்கக் கொடியோடு நாலு மணித்தியாலம் நடந்தார். கொடி ஒரு அங்குலம் சரியவில்லை. அடுத்த வருசமும் இவரே என்றார் சுவாமியார். ஸீ.

எங்கட சனத்துக்கு இது காதில் விழுந்தால் விடுமோ? ஓகஸ்ட் விளையாட்டுப் போட்டிக்குப் பிரதம விருந்தினர் கிடைக்காமல் சங்கத்துத் தலைவர் அலைந்துகொண்டிருந்தார். மாலையோடேயே வீட்டுக்கு வந்துவிட்டார். மாமனார் சாக்கோட்டம், தேசிக்காய்க் கரண்டி எல்லாவற்றுக்கும் வெற்றிக்கிண்ணம் கொடுத்து, கடைசியில் சீனத்தில் நீண்ட உரை ஒன்று ஆற்றினார். எல்லாரும் கை தட்டினார்கள். இவ்வளவு காலத்தில் இப்படியொரு தெளிவான பேச்சுக் கேட்டதில்லை என்றார் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்.

ஒவ்வொரு ஞாயிறும் மகன்காரர் நித்திரைக்கு முன்னர் கேட்பார், ரிக்கற் போடட்டோ அப்பா என்று. மாமனார் விரல்விட்டு எண்ணுவார். வாக்குக் குடுத்திட்டன், அது முடியட்டும் என்பார். தான் வாயே திறக்காமல் இவ்வளவு வாக்கு எப்படிப் போனது என்று அவருக்கு ஒரு சந்தேகம் இருந்திருக்கவேணும். மருமகளை இடைக்கிடை உற்றுப் பார்ப்பார். அவ தலை குனிந்து சிரிப்பா. சோஃபியா ஒரு ஞாயிறு மேசைக்குக் கீழே இருந்து வெளியே வந்து, கதிரையில் இருந்து சாப்பிட்டாள்.

செப்டெம்பர் வந்தது. வென்சோவில் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. இனி இந்த வருசம் பிள்ளையை எடுக்கமாட்டார்களாம். மாமனாரின் விசாவும் முடியப்போகிறது. அன்றிரவுச் சாப்பாட்டில் அவர் சோற்றைத் தொடவில்லை. தெருவுக்கே சொல்லிவிட்டு வந்தவர், இத்தாலியில் இருந்து ஆளோடு வருவேன் என்று. வெறுங்கையோடு போனால் அங்கே யாருக்கு வழக்குத் தீர்ப்பது? யோசித்து யோசித்து மேசையைச் சுற்றிப் பார்த்தவர், என்னில் வந்து நின்றார். நீளமாக ஏதோ கேட்டார். அவர் கேட்டு முடிக்க முதல் சிஞ்ஞோரா சீனத்தில் ஓம் என்றா. அந்தச் சொல் எனக்குத் தெரியும் என்று சொன்னேன்தானே. பிறகுதான் எனக்கு மொழிபெயர்த்தா.

“மாமா கேக்கிறார், பிள்ளைக்குப் பதிலா ரெண்டு மாசம் நீ வருவியோ எண்டு.”

“நான் ஏன், சிஞ்ஞோரா? அங்கை ஆரைப் பாக்கிறதுக்கு?”

“அவரை.”

மாமனார் எழுந்து எனக்குத் தலை குனிந்தார். நான் என்ன செய்ய? நானும் குனிந்தேன். ஒரு கிழமையில் அழைப்பு, விசா எல்லாம் சரியாயிற்று. இந்த ஊரில் ஒன்றும் ஒரு கிழமையில் சரியாவதில்லை, இது ஆயிற்று. “இருவது வயசுப் பெட்டையின்ரை வேலையை எடுத்தாய், இப்ப ஏழு வயசுப் பிள்ளையின்ரை கட்டிலையும் எடுக்கப்போறியோ?” என்றா அக்கா. கட்டிலின் நீளத்தை நினைத்து நானும் கவலையில்தான் இருந்தேன்.

விமான நிலையத்தில் மாமனாரும் சோஃபியாவும் அரஞ்சினா வாங்கப் போனார்கள். சோற்றைக் கோளமாக உருட்டிப் பொரித்தது; மனுசன் மூன்று மாதத்தில் அதற்கு அடிமை. நானும் சிஞ்ஞோராவும் பெட்டிகளுக்குக் காவல்.

“சிஞ்ஞோரா, ஒண்டு கேக்கிறன். இந்த ஸீ எல்லாம் நீங்கள் வேணுமெண்டு சொன்னதோ, தானா வந்ததோ?”

“ஸீ” என்றா.

பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. ஸ்டிக்கரைச் சுற்றித் துடைத்தா.

“அம்மாவும் அப்பாவும் இஞ்சை வரேக்கை எனக்குச் சோஃபியாவின்ரை வயசு. பெரியம்மாவோடை ஊரிலை இருப்பியோ எண்டு கேட்டவை. ஓம் எண்டனான். நல்ல பிள்ளையெண்டு எல்லாரும் சொன்னவை. பதினாலு வயசிலை என்னை இஞ்சை எடுப்பிச்சினம். ஸ்ரேசனிலை இறங்கி, அம்மாவெண்டு வேறையொரு மனிசிக்குக் கை காட்டிக்கொண்டு ஓடினனான். அம்மா பக்கத்திலைதான் நிண்டவ.”

நான் பெட்டியின் பிடியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்.

“அப்ப மாமாவுக்கு மாட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?”

“வருகுதில்லை. நீ பழக்கினதுக்குப் பிறகு குளிக்கிற அறையிலை தனிய நிண்டு சொல்லிப் பாத்தனான். கண்ணாடிக்கும் சொல்ல ஏலேல்லை.” மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டா. “என்னட்டை இருக்கிறது ஓம் ஒண்டுதான். அதை வைச்சுத்தானே செய்யவேணும்.”

அவர்கள் இருவரும் திரும்பி வந்தார்கள். மாமனார் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், தெருக் கடக்கும்போது சின்னப்பிள்ளையைப் பிடிப்பதுபோல. மருமகளிடம் கண்டிப்பான குரலில் ஏதோ சொன்னார். அவ தலை குனிந்து பதில் சொன்னா.

“என்னவாம்?” என்று சோஃபியாவைக் கேட்டேன்.

“வாற வருசம் கட்டாயம் என்னை அனுப்பவேணுமாம்.”

“அம்மா?”

“ஓமாம்.” வாய் நிறைய அரஞ்சினா. அவள் மென்றுகொண்டே இருந்தாள்.

உள்ளே போகும் வரிசையில் இருந்து திரும்பிப் பார்த்தேன். சோஃபியா ஒரு கையைத் தாயின் கைப்பை வாருக்குள் கொளுவிக்கொண்டு, மற்றக் கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். யாருக்குக் காட்டுகிறாள் என்று ஒருக்கால் எனக்குப் பின்னால் பார்த்தேன். அங்கே ஒரு தூண்தான் நின்றது. நானும் கையைத் தூக்கினேன், மாமனார் பிடித்திருந்த கை, அவருடைய கையும் சேர்ந்து எழும்பியது.